இரத்தக் கொதிப்பும் முதியோரின் மனச்சோர்வும்

நம் நெசவாளர் சங்கங்கள் பலவற்றின் அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை எளிதில் புலனாகும். தறியில் அமர்வோரில் அறுபது வயதை எட்டியவரும் கடந்தவரும் கணிசமாக உள்ளனர். விவசாயக் கடன் சங்கங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. இளைஞர் வேறு தொழில் நாடிச் செல்ல, தறியையும் நிலத்தையும் காத்து நிற்போர் முதியோரே. ஆதலின் அவர்தம் உடல்நலமும் உள்ளநலமும் அவரவர் குடும்பக் காரியம் என்று சங்கம் ஒதுங்கி நிற்றல் இயலாது. இவ்விரண்டையும் ஒருங்கே தாக்கும் ஒரு பிணைப்பைப் பற்றி இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம். அது இரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் இடையே உள்ள உறவாகும்.

நாம் வைத்தியர் அல்லோம். சங்கங்களின் கணக்கையும் நடைமுறையையும் ஆய்வு செய்யும் பணியில் இருப்போர். எனினும் கணக்கேடுகளில் ‘நிலுவை’ என்றும் ‘உற்பத்தி இல்லை’ என்றும் காணும் பல வரிகளுக்குப் பின்னே ஒரு நோய் மறைந்திருத்தல் கூடும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். அது பற்றி மருத்துவ ஆராய்ச்சியாளர் கூறியுள்ளவற்றை நம் அங்கத்தினர் விளங்கிக்கொள்ளும் வகையில் தொகுத்துரைப்பதே நம் நோக்கம்.

இரு நோய்களின் இயல்பு

இருதயம் இரத்தத்தை உந்துங்கால் குழாய்ச் சுவர்களின் மேல் விழும் விசையே இரத்த அழுத்தம். இதனை முதன்முதல் அளந்து 1733-இல் நூலாக வெளியிட்டவர் இங்கிலாந்து தேசத்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழலைப் பொருத்தி, அதில் இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பக் கண்டார். கையில் பட்டை சுற்றிப் பாதரசத்தால் அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலியரான ரீவா ரோச்சி அமைத்தார். குழாயில் எழும் ஒலியைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் அறியும் முறையை 1905-இல் ருஷ்ய வைத்தியர் கொரோட்காவ் வகுத்தார். வைத்திய நிலையத்தில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 என்னும் அளவை எட்டுமாயின் அதனை இரத்தக் கொதிப்பு என நம் நாட்டு வைத்தியர் கொள்வர்.

மனச்சோர்வோ கருவி கொண்டு அளக்கத்தக்கதன்று. துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. உறவினர் இறப்பாலோ பயிர் அழிவாலோ நேரும் துக்கம் நாளடைவில் தணியும். மனச்சோர்வு என்னும் நோயோ இரு வாரங்களுக்கு மேலும் நாள்தோறும் நீடித்து, எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தன்னைத் தாழ்வாக எண்ணல், வாழ்வில் வெறுப்பு ஆகியவற்றைத் தரும். முதியோரிடத்தில் இது வேறு வேடம் பூண்டு வருவதுண்டு. ‘மனம் சரியில்லை’ என்று அவர்கள் கூறுவதில்லை. ‘உடம்பு முழுதும் வலி’, ‘விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது’, ‘கைகால் ஓடவில்லை’ என்றே கூறுவர். வீட்டாரும் ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுவர்.

2017-18-இல் நம் நாட்டு முதியோரிடையே நிகழ்ந்த பேராய்வில், அறுபது கடந்தவரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தமக்கு இரத்தக் கொதிப்பு உண்டென வைத்தியர் கூறியதாகத் தெரிவித்தனர். மனச்சோர்வின் அறிகுறிகள் நிரம்பியவர் நூற்றுக்கு எட்டுப் பேர். ஆனால் மனச்சோர்வு என்று வைத்தியரால் கூறப்பெற்றவர் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஒரு நோயை நாம் ஓரளவு கண்டுகொள்கிறோம். மற்றொன்றைப் பெரும்பாலும் காணாமலே விடுகிறோம் என்பது இதனால் விளங்கும்.

ஒரு வேரின் வரலாறு

இவ்விரு நோய்களுக்கும் உறவுண்டு என்னும் எண்ணத்தை உலக வைத்தியரிடையே பரவச் செய்ததில் நம் நாட்டு மூலிகை ஒன்றிற்குப் பெரும் பங்குண்டு. அதுவே சர்ப்பகந்தா. பயிர்த்தொழில் செய்யும் அன்பர் சிலர் இதனை அறிந்திருப்பர். இதன் வேர் மனக் கலக்கத்திற்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாக நம் நாட்டில் வழங்கி வந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் சித்தப் பிரமையைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என எழுதினர். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரினின்று சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார். 1949-இல் பம்பாய் இருதய வைத்தியர் ருஸ்தம் ஜல் வகீல், இரத்தக் கொதிப்பு நோயாளருக்கு இதனைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இருதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் இதன் முக்கிய சத்தான ரெசர்பைனைத் தனியே பிரித்தனர். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் வழங்கும் மாத்திரையாயிற்று.

பின்னர் ஓர் எதிர்பாராத செய்தி எழுந்தது. மிகுந்த அளவில் நெடுநாள் ரெசர்பைன் உட்கொண்டோரில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர் என 1954-இல் அமெரிக்க வைத்தியர் எட்வர்டு ஃப்ரீஸ் எழுதினார். அடுத்த ஆண்டே அதன் செயல்முறை ஓரளவு தெரியலாயிற்று. நரம்பு முனைகளில் சிறு பைகளில் சேமிக்கப்பெற்றிருக்கும் செரட்டோனின் முதலிய செய்திப் பொருள்களை ரெசர்பைன் வெளியேற்றிக் குறைத்துவிடுகிறது. நெசவாளருக்கு இதனை எளிதிற் கூறலாம். தறியும் உண்டு, பாவும் உண்டு, நாடாவும் ஓடுகிறது. ஆனால் நாடாவினுள் தாரில் நூல் இல்லை. துணி எவ்வாறு வளரும்? மனச்சோர்வு என்பதே மூளையில் இத்தகைய பொருள்களின் குறைவால் வருவது என்னும் கொள்கை 1960-களில் உருவானதற்கு இவ்வேரின் வரலாறு ஒரு காரணம்.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 1955-இலேயே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு என்னும் இருவர், மனக் கலக்கமும் சோர்வும் உற்றோர்க்கு ரெசர்பைன் நன்மை செய்ததாகக் கண்டனர். பிற்காலத்தில் பழைய அறிக்கைகளை மறு ஆய்வு செய்தோர், ரெசர்பைன் மனச்சோர்வை உண்டாக்கும் என்பதற்கு முன்பு எண்ணிய அளவுக்கு உறுதியான சான்று இல்லை என்றனர். மூளைப் பொருள்களின் குறைவு ஒன்றே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் கொள்கையும் இன்று மிக எளிமையானதெனக் கருதப்படுகிறது. இன்று ரெசர்பைன் அரிதாகவே வழங்கப்படுகிறது. அன்பர்கள் சர்ப்பகந்தா வேரைத் தாமே தேடி அரைத்துக் குடித்தல் கூடாது. வேருக்கு வேர் சத்தின் அளவு மாறும். அழுத்தம் அபாயகரமாகக் குறைந்துவிடக்கூடும்.

மாத்திரை மேல் பழி

இவ்வரலாற்றின் நிழல் இன்னும் நீங்கவில்லை. ‘பிரஷர் மாத்திரை மனத்தை மந்தமாக்கும்’ என்று கூறி அதனை நிறுத்திவிடும் முதியோர் நம் ஊர்களில் உளர். ஆகையால் இன்றைய ஆராய்ச்சி கூறுவதை அறிதல் அவசியம். அட்டினலால், புரோப்பிரானலால் முதலிய ஒரு வகை மாத்திரைகள் பல்லாண்டுகளாக இப்பழியைச் சுமந்தன. 2002-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், இவை உண்ணுவோரில் மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை, களைப்பே சிறிது மிகுந்தது என முடிவு கண்டனர். 2020-இல் டென்மார்க்கில் இரத்த அழுத்த மருந்துகள் 41-ஐ அந்நாட்டு மக்கட் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். அவற்றுள் எதுவும் மனச்சோர்வை மிகுவித்ததாகத் தெரியவில்லை. எனலாப்ரில், அம்லோடிபின் உள்ளிட்ட ஒன்பது மருந்துகளை உண்டவரிடையே மனச்சோர்வு குறைந்தே காணப்பட்டது. இதனால் அம்மருந்துகள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று கொள்ளலாகாது. ஆயினும் மனம் மந்தமாகும் என்றஞ்சி மாத்திரையை நிறுத்துதற்கு ஆதாரமில்லை என்பது தெளிவு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை எனில் வைத்தியரிடம் கூறி மாற்றிக்கொள்ள வழியுண்டு. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதே பெருந்தீங்கு தரும்.

கடைமடையில் நேரும் துன்பம்

அங்ஙனமாயின் இரு நோய்களுக்கும் உறவு எவ்விடத்தில்? நீர்ப்பாசனம் அறிந்த விவசாய அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். பெரிய வாய்க்காலிலிருந்து கிளை பிரிந்து, மேலும் பிரிந்து, இறுதியில் கடைமடை வயலுக்கு நீர் செல்கிறது. மூளையின் ஆழ்பகுதியும் அத்தகைய கடைமடையே. நூல் போன்ற மெல்லிய குழாய்கள் வழியே அங்கு இரத்தம் சேர்கிறது. மூளையின் ஒரு பகுதிக்கும் மற்றொன்றிற்கும் செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைகள் அவ்விடத்திலேயே செல்கின்றன. பல்லாண்டு நீடித்த இரத்தக் கொதிப்பு அம்மெல்லிய குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்து, உள்வழியைக் குறுக்கிவிடுகிறது. அதனால் நரம்பிழைகள் ஆங்காங்கே நலிகின்றன. காந்தப் படம் எடுத்துப் பார்ப்பின் அவை வெண்புள்ளிகளாகத் தோன்றும்.

முதுமையில் முதன்முறையாகத் தோன்றும் மனச்சோர்வுகளில் ஒரு பகுதிக்கு இக்குழாய்க் கேடே அடிப்படை என 1997-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் அலெக்ஸோபூலோஸ் முதலானோர் எடுத்துரைத்தனர். இத்தகைய நோயாளரிடம் அழுகையை விட மந்தமே மிகுதி. எண்ணம் மெதுவாகும், ஒரு காரியத்தைத் தொடங்கி முறையாக முடிக்கும் திறன் குன்றும். நாற்பதாண்டு பாவு பிணைத்தவர் அதனை எங்குத் தொடங்குவது என்று திகைத்து நிற்பாராயின், அதனைச் சோம்பல் என்று கொள்ளுதல் பொருந்தாது.

இங்கே ஒரு முரண் போலத் தோன்றும் செய்தியையும் கூற வேண்டும். 1994-இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வொன்றில், அழுத்த மருந்து உட்கொள்ளாத, அறுபது முதல் எண்பத்தொன்பது வயதுடைய ஆடவரில், கீழ் அளவு 75-க்குக் குறைந்தவரிடமே மனச்சோர்வு மிகுந்திருந்தது. நார்வே நாட்டில் பதினோராண்டு இடைவெளியில் ஒரே மக்களை இருமுறை அளந்து 2008-இல் வெளியிட்ட ஆய்விலும், முன்பு மனச்சோர்வு உற்றிருந்தோரின் அழுத்தம் பின்னர்ச் சற்றுக் குறைந்தே காணப்பட்டது. அழுத்தம் மிகுதல் மட்டுமன்று, மிகக் குறைதலும் சோர்வோடு சேர்ந்து வருகிறது. கடைமடையை நினைத்தால் இது வியப்பன்று. வாய்க்கால் மேடிட்டுக் குறுகிய பின், மேலே நீர் மட்டம் சிறிது தாழ்ந்தாலும் முதலில் வாடுவது கடைமடைப் பயிரே. ஆகவே பழைய கொதிப்பால் குழாய் குறுகிய முதியவர்க்கு, அழுத்தத்தைத் திடீரென மிகத் தாழ்த்துவதும் நன்றன்று. அளவறிந்து படிப்படியாகக் குறைப்பது வைத்தியர் கடமை. அளவைக் காட்டி வருவது நம் கடமை.

குறிப்பாக, எழுந்து நிற்கையில் அழுத்தம் வீழ்வதைக் கவனிக்க வேண்டும். நின்ற மூன்று நிமிஷத்திற்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறையுமாயின் அது நோயெனக் கொள்ளப்படும். குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து எழும் முதியவர் தலைசுற்றித் தடுமாறுவாராயின், அமர்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளக்குமாறு கேட்டல் நலம்.

மனச்சோர்வு கொதிப்பை வளர்க்கும் வழி

உறவு மறுபுறமும் உண்டு. மனச்சோர்வுற்றவர் மருந்தை ஒழுங்காக உண்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவர் கூறியதைக் கைவிடும் வாய்ப்பு சோர்வுற்றோரிடம் ஏனையோரினும் மும்மடங்கு மிகுதி. நடைப்பயிற்சி நிற்கிறது, புகையிலையும் மதுவும் சிலரிடம் கூடுகின்றன, உறக்கம் கெடுகிறது. இவை யாவும் கொதிப்பை வளர்ப்பன.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. வலிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் எழுந்து நிற்கையில் அழுத்தத்தை வீழ்த்தும். வென்லாஃபாக்ஸின் மிகுந்த அளவில் அழுத்தத்தை உயர்த்தும். சிறுநீரைப் பெருக்கும் அழுத்த மாத்திரையையும் சிலவகை மனச்சோர்வு மாத்திரைகளையும் சேர்த்து உண்ணும் முதியவரின் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதனாலேயே அசதியும் குழப்பமும் வருதல் கூடும். முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் தாமே வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் பல இரத்த அழுத்தத்தை உயர்த்துவன. தறியில் அமர்வோர் இதனை மறவாதிருக்க வேண்டும். எவ்வைத்தியரிடம் செல்லினும், உண்ணும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே சிறந்த வழி.

கணக்கேட்டில் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகட்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிடுங்கால் ஒரு வரி நம் கருத்தை ஈர்த்தது. முதிய அங்கத்தினர் ஒருவர் பாவு பெற்று ஐந்து மாதமாகியும் துணி ஒப்படைக்கவில்லை. பாவைத் திரும்பப் பெற்று வேறொருவர்க்கு அளிப்பதென்றும், அவர் மீது நடவடிக்கை எடுப்பதென்றும் நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. நூலை விற்றிருப்பார் என்னும் பேச்சும் இருந்தது. அவருடைய முந்தைய முப்பதாண்டுக் கணக்கில் ஒருமுறையேனும் நிலுவை இல்லை என்பதைக் குழுவினர்க்குச் சுட்டிக்காட்டினோம். பின்னர் காரியதரிசியுடன் அவர் வீடு சென்றோம். பாவு தறியில் ஏற்றியபடியே இருந்தது. முக்கால் முழம் நெய்து நின்றிருந்தது. பெரியவர் திண்ணையில் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார்.

‘ஐயா, இவர் சாப்பிடுவதே இல்லை. பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கேட்டால், எனக்கு எதற்கு, வேறு யாருக்காவது கொடு என்கிறார்’ என்று அவர் மனைவியார் கூறினார். மறுநாள் சுகாதார நிலையத்தில் அளந்தபோது மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தது. அங்கிருந்த வைத்தியர் இரு நோய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்கினார். சங்கம் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. ஆறு மாதத்தில் அவர் அந்தப் பாவை நெய்து முடித்தார். பழைய வேகம் திரும்பவில்லை. இன்று அவர் தார் சுற்றுவதோடு எளிய இரகங்களை மட்டும் நெய்கிறார். ஆனால் அவர் பெயர் பதிவேட்டில் உள்ளது; அவர் மீது இருந்த பழிச்சொல் நீங்கியது. நடவடிக்கை நிறைவேறியிருப்பின் அச்சொல் அவரை எங்குக் கொண்டு சேர்த்திருக்கும் என்று எண்ணவும் நாம் அஞ்சுகிறோம்.

சங்கம் செய்யத்தக்கன

இதற்கு மனநல வைத்தியர் மட்டுமே வேண்டுமென்பதில்லை. கோவாவில் அறுபது வயது கடந்த, சிறிதளவு சோர்வு அறிகுறி உடைய 181 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினரிடம் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் சென்று, அவர்தம் இடர்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறையையும் உறக்க ஒழுங்கையும் உடல்நோய்ப் பராமரிப்பையும் கற்பித்து, அரசு உதவிகளைப் பெறவும் துணை நின்றனர். ஓராண்டில் அவர்களில் 91 பேருக்கு 4 பேரே கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர். மற்றப் பாதியில் 90 பேருக்கு 13 பேர். கூட்டுறவின் இயல்பான வேலையும் இதுவன்றோ? ஒருவர் இடரைப் பலர் கூடித் தீர்ப்பதே நம் சங்கங்களின் தோற்றத்திற்குக் காரணம்.

முதலாவதாக, இரு மாதம் உற்பத்தியோ தவணையோ நின்ற முதிய அங்கத்தினர் எவராயினும், நோட்டீஸ் அனுப்புமுன் நிர்வாகக் குழுவில் ஒருவர் நேரிற் சென்று காண வேண்டும். சென்றவர் இரு கேள்விகளை மறவாது கேட்க வேண்டும். கடந்த இரு வாரமாக வேலையிலோ பேச்சிலோ நாட்டம் குறைந்ததா? மனம் தாழ்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? ஒன்றிற்கேனும் ‘ஆம்’ எனில் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘நான் இருந்து என்ன பயன்’ என்னும் சொல் எழுமாயின், அதை விளையாட்டாகக் கொள்ளாது, தனியே விடாது, அன்றே உதவி தேட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416.

இரண்டாவதாக, சங்கக் கட்டிடத்தில் மாதம் ஒருநாள் சுகாதாரப் பணியாளரை வரவழைத்து அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்யலாம். அளக்குமுன் ஐந்து நிமிஷம் அமைதியாக அமர வேண்டும். அரை மணி முன்னதாகக் காப்பியும் புகையும் ஆகா. கை இருதய மட்டத்தில் இருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டிற்கே கொணர்ந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிற்று. நடக்க இயலாத அங்கத்தினர் பெயர் அத்தகைய பட்டியலில் உளதா என்று விசாரிப்பது காரியதரிசிக்கு ஒருநாள் வேலை.

மூன்றாவதாக, வீடுகளில் உப்பைக் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர்க்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், இருத்தல் நலமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இக்கணக்கில் அடங்கும். இயன்ற அளவு நடத்தல் கொதிப்புக்கும் சோர்வுக்கும் ஒருங்கே நன்மை தரும். மனச்சோர்வு மாத்திரை பலன்தரச் சில வாரங்கள் ஆகும். ஆதலின் பத்து நாளில் குணமில்லையென்று கைவிடலாகாது.

நான்காவதாக, தறி ஓட்ட இயலாதவர்க்கும் சங்கத்தில் ஓரிடம் இருக்க வேண்டும். தார் சுற்றல், நூலைத் தரம் பார்த்தல், இளைஞர்க்குப் பாவு பிணைக்கக் கற்பித்தல் ஆகியவற்றுக்கு உரிய கூலி நிர்ணயித்து அளித்தால், பெரியவர் தாம் பிறர்க்குச் சுமையென எண்ணி ஒதுங்க நேராது.

வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்நான்கையும் ஒரு பொருளாகச் சேர்த்துத் தீர்மானம் இயற்றுமாறு சங்கத் தலைவர்களையும் நிர்வாகக் குழுவினரையும் வேண்டுகிறோம். அதற்கு நிதி ஒதுக்கீடு பெரிதும் வேண்டுவதில்லை. நிலுவைப் பட்டியலில் உள்ள முதியோர் பெயர்களை முதலில் எடுத்து, யார் யார் வீட்டிற்கு எந்நாளில் எவர் செல்வது என்று அக்கூட்டத்திலேயே குறித்துக்கொண்டால் வேலை தொடங்கிவிடும்.